மாலைக்கண் மாப்பிள்ளை

கூச்சமுள்ள மனிதன் கடைக்குப் போனால் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வருவதில்லை. கடைக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதை வாங்கிக்கொண்டு வருவான். சந்தேகமென்றால் என் அலுமாரியைத் திறந்து பாருங்கள். என் காலைவிட நீளமான சப்பாத்து, விரித்தால் மூடாத குடை, நெடுந்தீவு வெயிலில் போடுவதற்கென்று குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டை. எல்லாம் "இது எனக்குச் சரிவராது" என்று சொல்ல வாய் வராமல் வாங்கியவை. (வாய் வராதது மட்டுமே? "வடிவாய் இருக்கு" என்று சொல்லி, நன்றியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.)

அந்த அலுமாரியின் மேல்தட்டில் ஒரு மஞ்சள் கண்ணாடி இருக்கிறது. என் கலியாணத்தைக் குழப்பப் பார்த்ததும் அதுதான், முடித்து வைத்ததும் அதுதான்.

அப்போது எனக்கு நாற்பது கடந்திருந்தது. நானும் அக்காவும் நெடுந்தீவில் ஒரே வளவில் இருந்தோம். அத்தானுக்கு வவுனியாவில் வேலை. எங்களிடம் சிவப்பி என்றொரு பசு இருந்தது. எனக்குப் பெண் பார்க்கும் வேலையை அக்கா எத்தனையோ வருடமாகச் செய்துகொண்டிருந்தாள். பெண் வீட்டார் வருவார்கள், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். வாசலில் கழற்றி வைத்த செருப்புகளைப் பார்த்துத்தான் இன்ன பெண் என்று நான் ஞாபகம் வைத்திருந்தேன்.

கடைசியாக ஊர்காவற்றுறைப் பக்கம் நாரந்தனையில் ஒரு சம்பந்தம் சரிவந்தது. பேசியவர் கந்தையா அண்ணை. தீவுப் பகுதியில் பாதிக் கலியாணம் அவர் பேசி முடித்தவைதான். சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் பெயர் வசந்தி. அவர்கள் ஒருதரம் வந்து வீடு பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துச் சிவப்பியின் பால் காணாமல் போகத் தொடங்கியது.

பின்னேரம் மடி கட்டிக்கொண்டு நிற்பாள். விடிய அக்கா செம்போடு போனால் மடி வெறும் தோல். கன்றைத் தனியாகத்தான் கட்டியிருந்தோம். அக்காவுக்குத் தலையிடி வந்துவிட்டது.

"வீட்டில மாடு நிக்குது, பாலுக்குக் குறைவில்லை எண்டு சொல்லித்தான் சம்பந்தம் பேசினது" என்றாள். "வாற சனத்துக்குப் பால்மா கரைச்சுக் குடுக்க ஏலுமே? என்ன நினைப்பினம்?"

யாரோ வந்து கறக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். யார் என்றும் முடிவு கட்டினேன். அடுத்த வளவுச் சின்னத்துரை அண்ணை. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே இடுப்பளவு கல்வேலிதான். அவர் இறங்குதுறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். அவருடைய பால்தேத்தண்ணி வழக்கமாக மாரிகாலத்துக் குளத்தின் நிறத்தில் இருக்கும். அந்த மாதம் அது திடீரென்று வெள்ளையாகிவிட்டது. நான் தினமும் போய் ஒரு தேத்தண்ணி வாங்கி, அதை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுக் குடித்தேன். விசாரணை என்றால் அப்படித்தானே செய்வார்கள்?

ஆனால் ஆளைக் கையோடு பிடிக்க வேண்டும். டோர்ச் வெளிச்சத்தைக் கண்டால் கள்ளன் ஓடிவிடுவான். இரண்டு தடவை டோர்ச்சோடு போய்ப் பார்த்தேன். சிவப்பி அசைபோட்டபடி, என்ன வேண்டும் என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அப்போதுதான் கைத்தொலைபேசியில் ஒரு படம் பார்த்தேன். வெளிநாட்டில் யாரோ ஒருவர் கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நடுக்காட்டில் நிற்கிறார். கும்மிருட்டு. அவருக்கு மட்டும் எல்லாம் பச்சையாகத் தெரிகிறது. தூரத்தில் நிற்கிற மானின் காதுமயிர்கூடத் தெரிந்தது. மானின் காதுமயிர் தெரியுமென்றால் சின்னத்துரை அண்ணையின் மீசை தெரியாதா? (அவருடையது பெரிய மீசை.) அடுத்தநாள் காலை வள்ளத்தில் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனேன். எதற்கென்று ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சின்னத்துரை அண்ணையின் காதுக்குப் போய்விடும்.

முதலில் ஒரு கமெராக் கடை. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், நான் கைத்தொலைபேசியில் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பக்குவமாகத் திறந்தார். மெத்தைக்குள் ராசாவைப்போலப் படுத்திருந்தது அந்தச் சாமான். விலையைச் சொன்னார். சிவப்பியையும் கன்றையும் கொட்டிலையும் சேர்த்து விற்றாலும் எனக்கு அதில் ஒரு கண்தான் கிடைக்கும்.

காசு காணாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால் சாமானில் பிழை பிடித்தேன்.

"கறுப்பு மட்டுந்தானோ இருக்கு?"

"பச்சையும் இருக்கு அண்ணை" என்று இன்னொரு பெட்டியைத் திறந்தார்.

"கொஞ்சம் பெரிசு போல."

"சின்னனும் இருக்கு." மூன்றாவது பெட்டி. அது முதல் இரண்டையும்விட விலை கூட.

"மழை வரப்போகுது, கொடியில உடுப்புக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கொடி இருந்தது நெடுந்தீவில்.

அடுத்தது விளையாட்டுச் சாமான் கடை. கண்ணாடி அலுமாரிக்குள் அதே மாதிரி ஒன்று, பிளாஸ்டிக்கில். விலை என் சட்டைப்பைக்குள் அடங்கியது. கடையில் நின்ற பெண்பிள்ளை கேட்டாள்:

"மகனுக்கோ, மகளுக்கோ அண்ணை?"

எனக்குத்தான் என்று எப்படிச் சொல்வது? "மகனுக்கு."

"என்ன வயசு?"

"ஆறு."

"ஆறு வயசுப் பிள்ளைக்கு இது குடுக்கக் கூடாது. எட்டுக்கு மேலதான்."

"எட்டெண்டும் சொல்லலாம்" என்றேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

மகனுக்கு என்னைப் போலவே பெரிய தலை என்று சொல்லி, போட்டுப் பார்த்தேன். அது என் நெற்றிக்கு மேலே இறங்க மறுத்தது. விசையை அமத்தினால் முன்னால் ஒரு பச்சை பல்ப் எரிந்தது. விஷயம் அவ்வளவுதான். அதை மாட்டிக்கொண்டு கொட்டிலில் நின்றால் எனக்குக் கள்ளன் தெரியமாட்டான், கள்ளனுக்கு நான் நன்றாகத் தெரிவேன். கழற்றி வைத்தேன். கழன்று வரும்போது என் தலைமயிர் கொஞ்சம் அதோடு போனது.

மனம் விட்டுப்போய் பஸ் நிலையத்துக்கு நடக்கும்போதுதான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் வாசலில் அந்தப் பலகையைக் கண்டேன். ஒரு கார், ஒரு இருட்டு ரோட்டு, மஞ்சள் கண்ணாடி போட்ட ஒரு சிரித்த முகம். இரவிலும் தெளிவான பார்வை என்று எழுதியிருந்தது. விலையும் எழுதியிருந்தது. அது என் விலை.

உள்ளே வெள்ளை மேலங்கி போட்ட ஒரு அக்கா இருந்தார். நல்ல மனுசி. சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிசு.

"சொல்லுங்கோ தம்பி."

"இருட்டில கண் தெரியவேணும்" என்றேன்.

"எப்ப தொடக்கம் தெரியேல்லை?"

எனக்கு மனதில் பால்தான் ஓடியது. "ஒரு மாசமா."

"பின்னேரம் எப்பிடி?"

"பின்னேரம் பரவாயில்லை. நல்லா இருண்டாப் பிறகுதான் கரைச்சல். முக்கியமா மாட்டுக்கொட்டிலுக்க."

அவருடைய முகம் இரக்கத்தில் நிறைந்துவிட்டது. உள்ளே யாரையோ கூப்பிட்டார். "இஞ்ச, அந்தக் கதிரையை இழுத்து விடும். இந்தத் தம்பிக்கு மாலைக்கண் போல கிடக்கு."

நெடுந்தீவுப் பேச்சுப் பேசிய என் குரலையும், மாலைக்கண் என்ற சொல்லையும் ஒன்றாகக் கேட்டு, பின்னால் நீள வாங்கிலில் உட்கார்ந்திருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார்.

"ஆர், நெடுந்தீவுத் தம்பியே?"

கந்தையா அண்ணை. கால் உடைந்த கண்ணாடியைத் திருத்தக் கொடுத்துவிட்டு வெறுங்கண்ணோடு இருந்தார். என்னைத் தெரியவில்லை, குரல் தெரிந்துவிட்டது.

"ஓம் அண்ணை."

"மாலைக்கண்ணோ உமக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு எதற்கு இந்தக் கண்ணாடி என்பார். கள்ளன் பிடிக்க என்றால், யார் கள்ளன் என்பார். கந்தையா அண்ணையும் சின்னத்துரை அண்ணையும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். நான் யோசித்தேன். யோசித்து, என் வாழ்க்கையிலேயே மிகவும் மோசமான சொல்லைச் சொன்னேன்.

"கொஞ்சம்" என்றேன்.

அந்த அக்கா நேர்மையானவர். "இது வருத்தத்தை மாத்தாது தம்பி. எதிர்ல வாற வாகன வெளிச்சம் கூசாமல் இருக்கும், அவ்வளவுதான். ஆசுப்பத்திரியில ஒருக்கால் காட்டுங்கோ" என்று இரண்டு தடவை சொன்னார். நெடுந்தீவில் எதிரே வருகிற வாகனத்தை எண்ண ஒரு கை போதும். ஆனாலும் அவர் கையில் எடுத்துத் துடைத்துத் தந்துவிட்டார். துடைத்துத் தந்ததை வேண்டாம் என்பதா? வாங்கிவிட்டேன். நன்றியும் சொன்னேன்.

கந்தையா அண்ணையின் கண்ணாடிதான் உடைந்திருந்தது, போன் உடையவில்லை. நான் குறிகட்டுவானுக்கு வந்து சேர்ந்தபோது வள்ளக்காரர் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். "மெல்லமா அண்ணை. இதில ஒரு படி. கால் வையுங்கோ. ஆ, அப்பிடித்தான்." இன்னொருவர் மற்றக் கையைப் பிடித்தார். மீன் கூடையோடு இருந்த ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் தந்தார். வெயில் இன்னும் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன், வெட்கத்தில். அதைப் பார்த்த அந்த அம்மா "பாவம், பகலிலயும் கூசுது" என்றார்.

அன்று பொழுதுபட்டதும் மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொட்டில் பக்கம் நடந்து பார்த்தேன். உலகம் முழுவதையும் மஞ்சள் கரைத்த தண்ணீரில் அமிழ்த்தியதுபோல இருந்தது. வழக்கமாக எனக்குத் தெரிகிற இருட்டுக்கூட அதற்குள்ளால் தெரியவில்லை. நேரே போய்க் கல்வேலியில் முட்டினேன்.

விடிய நெற்றியில் நாவற்பழம் போல ஒரு வீக்கம். அதைக் கண்ட பிறகு ஊருக்குச் சந்தேகமே இல்லை. வருத்தம் முற்றிவிட்டது என்றார்கள். முருங்கை இலை கட்டுக்கட்டாக வந்தது. பப்பாசிப்பழம் வந்தது. யாரோ ஆட்டு ஈரல் கொடுத்து விட்டார்கள். கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் போத்தலில் சுறா எண்ணெய் கொண்டுவந்தார்கள். அக்கா காலையும் மாலையும் என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினாள். எங்கள் நாய் என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் படுக்கத் தொடங்கியது.

அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கள்ளன் பிடிக்கத்தான் வாங்கினேன் என்று.

"கண்ணாடி போட்டுக் கள்ளன் பிடிக்கிறதோ?" என்று கண்ணைத் துடைத்தாள். "என்னட்டையும் மறைக்கிறாய். குடி இதை."

மூன்றாம் நாள் கந்தையா அண்ணை போன் எடுத்தார். வசந்தியின் அப்பா சொன்னாராம்: "நெடுந்தீவில ரோட்டு லைட்டும் கிடையாது. கண் தெரியாத ஆளுக்கு எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது? வந்து பார்ப்பம். கண்ணில பிழை எண்டா எங்களுக்கு வேண்டாம்." அக்கா கதிரையில் இருந்துவிட்டாள். இவ்வளவு காலமும் தப்பிப்போன சம்பந்தங்களுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. இது தப்பினால் இனி ஒன்று வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போதுதான் எனக்கு உள்ளுக்குள் ஒன்று விளங்கியது. அந்தப் பெண்ணை ஒருதரமாவது நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வள்ளத்தில் வந்தார்கள். வசந்தி, அவளுடைய அப்பா, கந்தையா அண்ணை. வழிகாட்டிக் கூட்டிக்கொண்டு வந்தவர் சின்னத்துரை அண்ணை. அவர் கையிலும் எனக்கென்று ஒரு சுறா எண்ணெய்ப் போத்தல் இருந்தது. (கள்ளனுக்கும் இரக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.)

"கண்ணாடியைப் போடு" என்று அக்கா காதுக்குள் சொன்னாள். "போட்டா எல்லாம் தெரியுமெண்டு சொல்லுவம்."

ஆக, என் வருங்கால மாமனாரை நான் வரவேற்றது மஞ்சள் கண்ணாடியோடு, ஊதா நெற்றியோடு, சுறா மணத்தோடு. வசந்தியை நிமிர்ந்து பார்க்கவும் செய்தேன். மஞ்சளாக இருந்தாள்.

வசந்தியின் அப்பா வள்ள இயந்திரம் திருத்துகிறவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டார். இருந்ததும் கேட்டார்:

"தம்பி, உங்கட குசினிக்கு எத்தனை யன்னல்?"

"ஒண்டு."

"எழும்பி வாரும்."

என்னையும் கூட்டிக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். யன்னலைச் சாத்தினார். வெளிச்சம் வந்த ஓட்டைக்குள் ஒரு சாக்கை அடைத்தார். மத்தியான வெயிலில் எங்கள் குசினிக்குள் அமாவாசை வந்தது.

"இப்ப என்ர கையில என்ன இருக்கு?"

"கருவாடு" என்றேன்.

அவர் கொஞ்சம் அசந்துபோனார். பிறகு கையை முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். "மூக்கைக் கேக்கேல்லைத் தம்பி, கண்ணைக் கேக்கிறன். நான் இப்ப எந்தப் பக்கம் நிக்கிறன்?"

நான் பதில் சொல்வதற்கு முன்பே அவர் நின்ற பக்கத்திலிருந்து பெரிய சத்தம் வந்தது. மூடிகள் உருண்டன. "ஆரப்பா இதில அலுமாரியைக் கொண்டுவந்து வைச்சது?" என்று இருட்டுக்குள் ஒரு முனகல்.

"மாமா, இடப்பக்கம் வாங்கோ. காலடியில தேங்காய் கிடக்கு" என்றேன்.

மாமா என்ற சொல் எப்படி என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன், இருட்டில் எனக்குக் கூச்சம் கிடையாது. முகம் தெரியாவிட்டால் நான் நன்றாகக் கதைப்பேன். இவ்வளவு காலமும் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை இருட்டறையில் இருத்தியிருந்தால் எப்போதோ கலியாணம் முடிந்திருக்கும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பால், கமெராக் கடை, கொடியில் கிடந்த உடுப்பு, ஆறு வயது மகன், "கொஞ்சம்" என்ற சொல், கல்வேலி. வசந்தியின் அப்பா தேங்காய்க்குப் பக்கத்தில் குந்திவிட்டார். அவர் சிரிப்பை அடக்குவது மூச்சில் தெரிந்தது.

"கதை நல்லாத்தான் கிடக்கு" என்றார். "அப்ப கள்ளன் ஆர்?"

"ஆர், சின்னத்துரை அண்ணைதான். அவரின்ர தேத்தண்ணியைப் பார்த்தாலே தெரியும்."

கதவுக்கு மற்றப் பக்கத்திலிருந்து, மிகக் கிட்டத்தில், ஒரு குரல் கேட்டது.

"என்னவாம் நான்?"

நான் அந்த இருட்டிலேயே மிச்சக் காலத்தைக் கழித்துவிடலாமா என்று யோசித்தேன். குசினிதானே, சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது.

அப்போது பின்வளவில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வசந்தி. கிணற்றடியில் கால் கழுவப் போனவள் கொட்டிலடியில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எல்லாரும் இஞ்ச வாங்கோ" என்று கூப்பிட்டாள். "கெதியா வாங்கோ."

மாமாவைக் கைபிடித்து இருட்டுக்குள்ளிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன், மற்றவர்களும் வந்தார்கள். பட்டப்பகல். கண்ணைக் குத்துகிற வெயில். சிவப்பி கழுத்தை வளைத்து, பின்னங்காலைக் கொஞ்சம் விலக்கி, தலையைத் தன் மடிக்குள் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தன் பாலைத் தானே குடித்துக்கொண்டிருந்தாள். வாயோரம் நுரை. எங்களைக் கண்டதும் தலையை எடுத்து, அசைபோடுகிற பாவனையில் என்னைப் பார்த்தாள். டோர்ச் அடித்தபோது பார்த்த அதே பார்வை.

"எங்கட வீட்டிலயும் ஒரு மாடு உப்பிடிக் குடிச்சது" என்றாள் வசந்தி. பிறகு, சிரிப்பு அடங்காமல், அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, இவருக்கு மாலைக்கண் இல்லை. பகலிலதான் கண் தெரியேல்லை."

கந்தையா அண்ணை, கண்ணாடி இல்லாமல் எதற்கென்று தெரியாமலே, முதலில் சிரித்தார். அக்கா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சின்னத்துரை அண்ணை மட்டும் சிரிக்காமல் என் முன்னால் வந்து நின்றார்.

"நான் பால்மாவை மாத்தினனான் தம்பி. விலை கூடினது. ஒரு மாசமா ஒரு சனம் நல்லாயிருக்கெண்டு சொல்லேல்லை. நீர் ஒராள்தான் ஒவ்வொரு நாளும் வந்து தேத்தண்ணியை வடிவாப் பார்த்துப் பார்த்துக் குடிச்சனீர். ரசிக்கிறீர் எண்டெல்லோ நான் நினைச்சன்."

"ருசி நல்லாத்தான் இருந்தது அண்ணை" என்றேன். அது உண்மை. கள்ளப் பால் என்று நினைத்துக் குடித்ததில் இன்னும் ருசித்திருக்கலாம்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மீசை துடித்தது. பிறகு அந்த மீசைக்குள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. "இந்தாரும்" என்று சுறா எண்ணெய்ப் போத்தலைத் தந்தார். "இதைப் பகலில குடியும்."

வசந்தியின் அப்பா யோசித்துக்கொண்டு நின்றார். நெற்றியைத் தடவினார். அலுமாரி இடித்த இடத்தில் அவருக்கும் ஒரு நாவற்பழம் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"இருட்டில என்னைக் கைபிடிச்சுக் கொண்டந்தவர்" என்றார். "பகலில கண் தெரியாதது பிழையில்லை. வீட்டில நடக்கிறதெல்லாத்தையும் பார்த்துக்கொண்டு நிக்கிற மருமகனைவிட இது நல்லது." பிறகு மகளைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுறாய்?"

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் மஞ்சள் கண்ணாடியைக் கழற்றினேன். நிலத்தைப் பார்க்கவில்லை.

"உந்த மாட்டுக்கு முதல்ல கழுத்தில தடி கட்டவேணும்" என்றாள். அதுதான் அவளுடைய சம்மதம்.

வந்தவர்களுக்கு அன்று கோப்பி கொடுத்தது சின்னத்துரை அண்ணையின் கடைப் பால்மாவில். மிகவும் நன்றாக இருக்கிறது, வீட்டு மாட்டுப் பாலல்லவா என்று கந்தையா அண்ணை பாராட்டினார். அவருக்குக் கண்ணாடி இன்னும் திருந்தி வரவில்லை.

தலை மடிப் பக்கம் திரும்பாதபடி சிவப்பியின் கழுத்தில் தடி கட்டினோம். என் கழுத்தில் மாலை விழுந்தது. கலியாணத்துக்கு ஊரே வந்தது. வந்தவர்கள் ஏதோ முன்பே பேசி வைத்ததுபோல ஆளுக்கொரு டோர்ச் கொண்டுவந்தார்கள். சின்னது, பெரியது, தலையில் கட்டுவது, வெயிலில் சார்ஜ் ஏறுவது. வள்ளக்காரர் கொண்டுவந்தது கலங்கரை விளக்கம் போல இருந்தது. சின்னத்துரை அண்ணை மட்டும் ஒரு பால்மாப் பெட்டி தந்தார். மின்சாரம் போனால் எங்கள் தெருவே எங்கள் வீட்டில் வந்து டோர்ச் இரவல் வாங்கும்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஊரில் ஒருவர் எதையாவது தொலைத்துவிட்டுத் தேடினால் "முதல்ல மாட்டைப் பார்" என்பார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவுகூடச் சொல்வதில்லை. போன வாரமும் நடந்தது. மத்தியானம், நல்ல வெயில். கோயிலுக்குப் போக நேரமாகிவிட்டது, என் செருப்பைக் காணவில்லை. வாசல், கதிரைக்குக் கீழ், கிணற்றடி எல்லாம் தேடிவிட்டு, "இஞ்சேரும், என்ர செருப்பைக் கண்டனீரே?" என்று கேட்டேன்.

வசந்தி உள்ளே போனாள். அலுமாரியைத் திறந்து, வள்ளக்காரர் தந்த பெரிய டோர்ச்சை எடுத்து வந்து என் கையில் தந்தாள்.

"கீழ அடிச்சுப் பாருங்கோ" என்றாள்.

அடித்துப் பார்த்தேன். காலில் போட்டிருந்தேன்.